அமுக்க ஒன்றும் இல்லாத பக்கம்

போன வாரம் ஆரியசாலையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டிருந்தேன். ரேஷன் கார்டு நகல் எடுக்கத்தான். எனக்கு முன்னால் ஒரு பெரியவர், ஏதோ ஓய்வூதிய விண்ணப்பத்தோடு. கடைப் பெண் அவருக்காகக் கணினியில் டைப் செய்துகொண்டிருந்தாள். பாதியில் கையை எடுத்துவிட்டு, "இதுல வராது கேட்டோ, பிரவுசர் பழசாணு" என்றாள்.

"அப்போ?" என்றார் பெரியவர்.

அவ்வளவுதான் நடந்தது. பக்கத்துக் கடையில் அது சரியாகியும் இருக்கும். ஆனால் எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. கணினியின் விசிறி ஊதிய சூடான தூசி வாடை மூக்கில் ஏறியதும் நகலை வாங்காமலே வெளியே வந்து நின்றுகொண்டேன். சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். பேய்க்குப் பயப்படுகிறவர்கள் உண்டு, பாம்புக்குப் பயப்படுகிறவர்கள் உண்டு. பழைய பிரவுசருக்குப் பயப்படுகிற ஒருத்தி திருவனந்தபுரத்தில் இருக்கிறாள்.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்த காலம். வழுதக்காட்டில் ஒரு வீட்டு மாடியில் எங்கள் வெப்சைட் கம்பெனி. கம்பெனி என்றால் இரண்டு அறை, நான், பிந்து, எங்கள் முதலாளி சசி சார். செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் ஏசி அறைக்குள் போகவேண்டும். மழைக்காலத்தில் ஈரக் காலோடு போய்ப் போய் அந்தத் தரைவிரிப்பில் ஊறுகாய்ப் பானை மாதிரி ஒரு வாடை நிரந்தரமாகக் குடியிருந்தது. அப்பாவுக்குச் சாலைக் கடைத்தெருவில் மிளகாய் மொத்தக் கடை. பிறந்ததிலிருந்து தும்மியே வளர்ந்த எனக்கு அந்த ஊறுகாய் வாடை பெரிய முன்னேற்றமாகத் தெரிந்தது. ஏசியில் உட்கார்ந்து வேலை செய்கிற பெண் என்று அம்மா வலியசாலைக் கோயில்வரை சொல்லி வைத்திருந்தாள்.

சசி சார் நாகர்கோவிலில் படித்தவர். என்னோடு தமிழில்தான் பேசுவார், கொஞ்சம் கிண்டலாக. கோபம் வந்தால் மட்டும் மலையாளத்துக்குப் போய்விடுவார். அதனால் அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் முதல் சொல் எந்த மொழியில் வருகிறது என்று என் காது காத்திருக்கும். தமிழ் என்றால் மூச்சு விடலாம்.

எங்கள் அறை மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. அதற்கு நாங்கள் வைத்த பெயர் அம்மாவன். மலையாளத்தில் தாய்மாமன். யாருக்கும் வேண்டாம், ஆனால் கல்யாணத்துக்கு அழைக்காவிட்டால் சண்டைக்கு வருவார் இல்லையா, அப்படி. அந்தக் காலத்தில் ஒரு பக்கத்தைச் செய்தால் அது எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஒரே மாதிரி தெரியாது. நம் திரையில் மணப்பெண் போல இருக்கிற பக்கம், வேறொரு ஊர் பிரவுசிங் சென்டரில் பழைய நெட்ஸ்கேப்பில் திறந்தால் தலைவிரிகோலமாக நிற்கும். எழுத்தின்மேல் எழுத்து ஏறிக்கொள்ளும். சில நேரம் ஒன்றுமே வராது, வெறும் வெள்ளை. ஆகவே எந்தப் பக்கத்தைச் செய்தாலும் கடைசியில் அதை அம்மாவனிடம் காட்டவேண்டும். அவரிடம் பழைய பிரவுசர்களை மட்டும் போட்டு வைத்திருந்தார் சார். எழுந்து உட்காரவே அம்மாவனுக்குப் பத்து நிமிடம் ஆகும். ஒருமுறை உள்ளே பல்லி செத்துக் கிடந்தது தெரியாமல் ஒரு வாரம் ஊதுவத்தி கொளுத்தினோம்.

சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு பக்கத்துக்கும் எதிரே ஒரு கட்டம். அம்மாவன் பார்த்தாயிற்று என்றால் பச்சைப் பேனாவால் ஒரு டிக்.

அந்த மழைக்காலத்தில் ஒரு பெரிய வேலை வந்தது. சில தனியார் நர்சிங் கல்லூரிகள் சேர்ந்து, அந்த வருடம் முதன்முதலாக விண்ணப்பங்களை இணையத்தில் மட்டுமே வாங்குவதென்று முடிவு செய்திருந்தன. காகித விண்ணப்பம் கிடையாது. நாலு பக்கம் நிரப்பி, கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டனை அமுக்கினால் விண்ணப்பம் போய்ச் சேரும். அமுக்கும்வரை எதுவும் எங்களிடம் சேராது, பெயர்கூட. அந்த நாலு பக்கங்களும் என் பொறுப்பு.

எல்லாம் முடித்து, அம்மாவனிடம் காட்டி, டிக் போட்ட பிறகு கல்லூரிக்காரர்கள் ஒரு திருத்தம் சொன்னார்கள். பட்டன் கட்டங்களுக்குள்ளே இருக்கவேண்டாம், அடியில் தனியாக ஒரு நீலப் பட்டைமேல் அழகாக இருக்கட்டும் என்று. ஐந்து நிமிட வேலை. விண்ணப்பம் என்பதை ஒரு பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் பெட்டியை மூடிவிட்டுப் பட்டனை வெளியே எடுத்து வைத்தேன். புதிய பிரவுசர்கள் இதையெல்லாம் கண்டுகொள்ளாது. எப்படி வைத்தாலும் காட்டும், அமுக்கினால் வேலையும் செய்யும். பழைய நெட்ஸ்கேப்போ பெட்டிக்கு வெளியே கிடக்கிற பட்டனைத் திரையில் காட்டவே காட்டாது. எனக்கு இது தெரியும் என்பதுதான் விஷயம். ஒருமுறை பிந்துவுக்கு நானே பெரிய மனுஷி மாதிரி சொல்லிக்கொடுத்தும் இருக்கிறேன்.

அன்று மழையில் கரண்ட் போய்விட்டது. பேட்டரியில் அம்மாவனை எழுப்பினால் மற்ற இரண்டு கம்ப்யூட்டர்களும் அணைந்துவிடும். நாலு மணிக்குள் அனுப்பவேண்டும் என்று சார் இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். "ஆச்சா?" என்றார்.

"ஆச்சு சார்" என்றேன். பச்சைப் பேனாவை எடுத்து, திருத்தத்துக்கு எதிரே டிக் போட்டேன்.

இரண்டு வாரம் நல்லபடியாகப் போயிற்று. விண்ணப்பங்கள் வந்துகொண்டே இருந்தன. கடைசித் தேதிக்கு முந்தின நாள் மதியம், சார் கொல்லத்துக்குப் போயிருந்தார், போன் அடித்தது. ஒரு ஆண் குரல். தட்டுத்தடுமாறி மலையாளத்தில் ஆரம்பித்தது. நான் பதில் சொன்ன விதத்தில் என்ன தெரிந்ததோ, தமிழுக்கு மாறிக்கொண்டது, மகளே என்பதை மட்டும் மலையாளத்திலேயே வைத்துக்கொண்டு.

"மோளே, நாங்க போனக்காடு எஸ்டேட்டு. விதுரா சென்டருக்கு வந்திருக்கோம். எம் மவ ஜெசிந்தாவுக்கு நர்ஸிங்குக்குப் போடணும். எல்லாம் அடிச்சாச்சு. கடைசீல அமுக்கணும்னு எழுதியிருக்கு. அமுக்க ஒண்ணும் இல்லியே?"

"கீழே இறக்கிப் பாருங்க அண்ணே."

"எறக்கியாச்சு மோளே. அடியில வெள்ளையாத்தான் கெடக்கு."

போன் கை மாறியது. மெல்லிய பெண் குரல். "அக்கா, மேலே நெட்ஸ்கேப்புனு இருக்கு. அதாணோ பிரச்சினை?"

பெட்டி, பட்டன், பச்சை டிக் எல்லாம் ஒரே நொடியில் கண்முன் வந்தன. அப்போது நான் சொல்லியிருக்கவேண்டியது ஒரே வரி. தவறு எங்களுடையது, கொஞ்சம் இருங்கள், சரிசெய்கிறேன். பதிலாக என் வாயிலிருந்து வந்தது இது: "அந்த சென்டர் கம்ப்யூட்டர் கொள்ளாது, ரொம்பப் பழசு. வேற எங்கயாவது போய்ப் பாருங்க."

மறுபடி அப்பாவின் குரல். "வேற எங்க மோளே? இங்க இது ஒண்ணுதானே." "சரி மோளே. நீங்க சொன்னா சரி." போனை வைத்துவிட்டார்.

அம்மாவனை எழுப்பினேன். பத்து நிமிடம். கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். கட்டங்கள், கட்டங்கள், அதற்குக் கீழே அவர் சொன்னபடியே வெள்ளை. நீலப் பட்டைகூட இல்லை. என் கம்ப்யூட்டரில் பக்கத்தைத் திருத்த ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் திருத்தியதைத் தளத்தில் ஏற்றுகிற கடவுச்சொல் சாரிடம் மட்டும்தான். சாரிடம் செல்போன் இருந்தது. நம்பர் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியிலேயே இருந்தது.

"சாரை விளிக்கெடி" என்றாள் பிந்து, போனில் கூப்பிடச் சொல்லி. அவளுக்கு என் முகத்தைப் பார்த்தே எல்லாம் புரிந்துவிட்டது.

"பஸ்ஸில் இருப்பார். காலைல வரட்டும்" என்றேன். பயம் எவ்வளவு நன்றாகக் காரணம் சொல்லும் தெரியுமா? போனில் விழுந்திருந்த சென்டரின் நம்பருக்கு மட்டும் கூப்பிட்டேன். மலைக்குப் போகிற பஸ்ஸை விட்டால் வேறு கிடையாது, அவர்கள் அப்போதே போயாச்சு என்றார் கடைக்காரர். அவர்கள் வீட்டில் போன் கிடையாது.

அன்று வீட்டில் நான் சாப்பிடவில்லை. "ஏம்ட்டி, காய்ச்சலா?" என்று அப்பா நெற்றியில் கை வைத்தார். மிளகாய் நெடியோடு அந்தக் கை. தும்மல் வந்தது, தும்மலோடு அழுகையும் வந்தது. இரண்டும் ஒன்றாக வந்ததால் யாரும் கண்டுபிடிக்கவில்லை. மிளகாய்க் கடைக்காரர் வீட்டில் அழுவதற்கு அப்படி ஒரு வசதி உண்டு.

காலையில் சார் வந்து குடையை மடக்குவதற்குள் சொல்லிவிட்டேன். இரவெல்லாம் அடுக்கி வைத்திருந்த சொற்கள் ஒன்றும் வரவில்லை. டிக் போட்டது பொய் என்பதை மட்டும் சொன்னேன். அவர் சுவரிலிருந்த தாளைப் போய்ப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இது நீ நோக்கியதாணோ?" என்றார். மலையாளம். நீ பார்த்துத்தான் போட்டாயா என்று. குரல் உயரவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இல்ல சார்."

பக்கத்தை அவரே ஏற்றினார். அம்மாவனில் திறந்து பார்த்தார். பட்டன் வந்துவிட்டது. மணி பத்து. விண்ணப்பம் மூடுவது மாலை ஐந்துக்கு. கல்லூரிக்காரர்களுக்குப் போன் செய்யப் போனவர், திரும்பி என்னைப் பார்த்து, "ஆ குட்டியோடு ஆரு பறயும்?" என்றார். அந்தப் பெண்ணிடம் யார் சொல்வது?

நான் பையை எடுத்துக்கொண்டு தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

நெடுமங்காடு தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. ஆனவண்டி என்று நாங்கள் சொல்கிற அரசு பஸ், தார்ப்பாய்ச் சன்னலை இறக்கிவிட்டு இருட்டாகப் போய்க்கொண்டிருந்தது. விதுராவில் இறங்கி சென்டருக்குப் போனால், நேற்று வந்தவர்கள் இன்று வரவில்லை என்றார் கடைக்காரர். அப்பா பெயர் அந்தோணிமுத்து, மேலே போய்க் கேட்டால் யாரும் சொல்வார்கள் என்றார். அவருடைய கம்ப்யூட்டரில் பக்கத்தைத் திறந்து காட்டினேன். பட்டன் பளிச்சென்று இருந்தது. "இது இன்னலெ இல்லாயிருந்நு" என்றார் சந்தேகமாக, நேற்று இது இல்லையே என்று. நான் பஸ் நேரம் கேட்டேன். போனக்காட்டு பஸ் புறப்பட ஒன்றே கால் மணி நேரம் இருந்தது. அதை ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு கழித்தேன்.

அந்த மலைப்பாதையில் நான் அதற்குமுன் போனதில்லை. வளைவுக்கு வளைவு மூடுபனி. யானை நிற்கும், அதனால்தான் மெதுவாகப் போகிறேன் என்று டிரைவர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். வேறு நாளாயிருந்தால் யானைக்குப் பயந்தே நான் செத்திருப்பேன். அன்று யானையைப் பற்றி நினைக்க இடமில்லை. கடிகாரத்தைப் பார்க்கக்கூடாது என்று கையைப் பைக்கடியில் ஒளித்து வைத்துக்கொண்டேன். கடைசி நிறுத்தத்தில் இறங்கினால் பச்சைத் தேயிலை வாடுகிற மணம், முழங்கால்வரை மழைச்சேறு, காலில் அட்டை. லயங்கள், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகள், பனிக்குள் பாதி தெரிந்தன.

வீட்டில் ஜெசிந்தாவின் அம்மா மட்டும் இருந்தார். நான் யாரென்று சொல்லி முடிப்பதற்குள், "போன்ல பேசின பொண்ணு நீதானா? அவிய ஒன்னியத் தேடித்தானே போயிருக்காவ?" என்றார்.

"எங்கே?"

"திருவனந்தபுரத்துக்கு. மவ ராத்திரி உறங்கவே இல்ல. கம்ப்யூட்டர்ல மொதப் பக்கத்துல ஒங்க விலாசமும் நம்பரும் இருந்துச்சாம், எழுதி வச்சிருக்கா. ஆபீசுக்கே போயிருவோம்னு அப்பனும் மவளும் மொத பஸ்ஸுல எறங்கிட்டாவ. மழையில அது பிந்தித்தான் வந்துச்சு."

எதிரெதிராக வந்திருக்கிறோம். வழியில் எங்கோ என் பஸ்ஸும் அவர்கள் பஸ்ஸும் ஒதுங்கி வழிவிட்டிருக்கும். அவர்கள் வழுதக்காட்டைக் கண்டுபிடித்தார்களா? மாடிப்படி வீட்டின் பின்பக்கம் இருக்கிறது, பெயர்ப்பலகை சின்னது, முதல்முறை வருகிற எவரும் தெருவை மூன்று சுற்றுச் சுற்றாமல் வந்ததில்லை. எஸ்டேட் ஆபீசில் போன் இருந்தது. மழையில் லைன் செத்துக் கிடந்தது. அந்த அம்மா கறுப்புச் சாயா கொடுத்தார், காலில் ஒட்டியிருந்த அட்டைக்கு உப்பு வைத்தார். "அவளுக்குக் கெடச்சிரும்லா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலும் ஒரு டிக்தான். திரும்பிப் போகிற பஸ் வரும்வரை அந்த வீட்டு வாசலில் உட்கார்ந்து, ஐந்து மணியை நோக்கி நேரம் போவதை உடம்பு முழுக்க உணர்ந்துகொண்டிருந்தேன். அவ்வளவு நீளமான பிற்பகல் என் வாழ்க்கையில் இன்னொன்று வரவில்லை, பிரசவ நாளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

விதுராவில் வந்து இறங்கும்போது ஐந்தரை தாண்டியிருந்தது. மலைக்குப் போகிற பஸ்ஸுக்காக ஒரு சின்னக் கூட்டம். அதில் ஒரு ஒல்லியான மனிதர், பக்கத்தில் ஒரு பெண். சர்டிபிகேட்டுகள் உள்ள பிளாஸ்டிக் உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தாள். முகம் தெரியாதவர்களை எப்படி அடையாளம் கண்டேன் என்று கேட்காதீர்கள். அந்த உறையை அவள் பிடித்திருந்த விதம்தான்.

"அந்தோணிமுத்து அண்ணனா?"

"ஆமா. யாரு மோளே?" அதே குரல்.

"போட்டாச்சா?" என்றேன்.

பெண்தான் சொன்னாள். "போட்டாச்சு அக்கா. மூணு மணிக்கு. ஆபீஸ் கண்டுபிடிக்கத்தான் ரொம்பச் சுத்திட்டோம். அந்த சார் உக்காத்தி வச்சுப் போடச் சொன்னாரு. சாயாவும் வாங்கித் தந்தாரு. எங்க தப்புதான்னு சொன்னாரு."

எங்கள் தப்பு. யார் தப்பு என்று சார் சொல்லவில்லை. நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆபீசிலிருந்து உதவி செய்ய வந்த நல்ல அக்காவாகவே வீடு திரும்பியிருக்கலாம். ஒரு நிமிடம் அப்படித்தான் நினைத்தேன், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னேன்: "நேத்து போன்ல பேசினது நான்தான் அண்ணே. அந்தக் கம்ப்யூட்டர்ல கொறை இல்ல. பக்கத்தைச் செஞ்சது நான். பார்க்காம விட்டதும் நான். தெரிஞ்சேதான் உங்ககிட்ட மாத்திச் சொன்னேன்."

அவர் என்னைத் திட்டவில்லை. மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை. தலையில் போட்டிருந்த துண்டைப் பிழிந்துகொண்டே, "நேத்தே சொல்லியிருந்தா இவ ராத்திரி உறங்கியிருப்பா மோளே" என்றார். அவ்வளவுதான்.

பஸ் வந்தது. ஜெசிந்தா ஏறப் போனவள் படியில் நின்று திரும்பினாள். "அக்கா, நேத்து அந்த சென்டர்ல எங்கூட இன்னும் ரெண்டு பிள்ளைங்க இருந்தாங்க. அவங்களுக்கும் பட்டன் வரல. ஒருத்தி அழுதுட்டே போனா. அவங்க போட்டாங்களா?"

அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை என்றால் நம்புவீர்களா? ஒரு குரல் போன் செய்தது, நான் ஒரு குரலுக்குப் பயந்துகொண்டிருந்தேன்.

மறுநாள் சாரும் நானும் சர்வரின் பதிவேட்டைத் திறந்தோம். யார் எந்தப் பிரவுசரில் எந்தப் பக்கத்தைப் பார்த்தார்கள் என்று அதில் வரிவரியாக இருக்கும். பெயர் இருக்காது, எண்கள்தான். பழைய பிரவுசரில் கடைசிப் பக்கம்வரை வந்து, அனுப்பாமலே போனவர்களின் வரிகளைத் தனியே எடுத்தோம். சிலர் மூன்று தடவை வந்திருந்தார்கள். ஒரே ஒருவர் ஏழு தடவை. ஜெசிந்தாவைக் கழித்தால் பதினொன்று. சார் கல்லூரிக்காரர்களிடம் கெஞ்சி இரண்டு நாள் நீட்டிப்பு வாங்கினார். தளத்தின் முகப்பில் சிவப்பில் ஒரு வரி போட்டோம். கைவிட்டுப் போனவர்கள் திரும்பி வந்து முகப்பைப் பார்ப்பார்களா? விதுரா சென்டர்காரர் ஒரு பெண்ணைத் தேடிப் பிடித்துவிட்டார், அழுதுகொண்டு போனவள் அவள்தானாம். இன்னொருத்தி தானாகவே வந்தாள். மற்ற ஒன்பது வரிகள் அப்படியே நின்றன.

ஜெசிந்தாவுக்கு இடம் கிடைத்தது. பட்டியலில் பெயரைப் பார்த்ததாக சார் சொன்னார், தமிழில். படித்து முடித்து எங்கே போனாள் என்று தெரியாது. என்னை சார் வேலையிலிருந்து நீக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் டிக் போடுகிற ஒவ்வொரு முறையும் பக்கத்தில் வந்து நின்றார். ஒரு வருடம் அப்படி நின்றார்.

இப்போது பிரவுசர்கள் தாமாகவே தம்மைப் புதுப்பித்துக்கொள்கின்றன. விதுராவில் அந்த சென்டர் இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். போனக்காட்டு லயங்களில் பலது ஆளில்லாமல் கூரை சரிந்து கிடப்பதாகக் கேள்வி. வழுதக்காட்டு வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். சார் மஸ்கட் போகும்போது கம்ப்யூட்டர்களையெல்லாம் எடைக்குப் போட்டார். போடுவதற்கு முன், பழைய பதிவேடுகளில் எதையாவது எடுத்து வைத்துக்கொள்ள வேண்டுமா என்று என்னைக் கேட்டார். அந்த ஒன்பது வரிகளைப் பற்றித்தான் கேட்டார் என்று இருவருக்கும் தெரியும். ஒரு தாளில் எழுதிக்கொள்ள இரண்டு நிமிடம் போதும்.

வேண்டாம் சார் என்றேன்.